அமைச்சர் தோற்ற 1,091 வாக்குகள்

எங்கள் ஜோலார்பேட்டையில் அ.தி.மு.க.வின் கே.சி.வீரமணி 2011, 2016 சட்டமன்றத் தேர்தல்கள் இரண்டிலும் வென்றவர். பள்ளிக் கல்வி, வணிகவரி என்று துறைகள் பார்த்த அமைச்சர். 2019-இல் எங்கள் தொகுதி அடங்கிய திருப்பத்தூர் தனி மாவட்டமும் ஆனது. ஆனாலும் 2021-இல் தி.மு.க.வின் தேவராஜியிடம் 1,091 வாக்கில் தோற்றார். 546 பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே வேறு.

அமெரிக்கக் கீழவையில் பதவியில் இருந்துகொண்டு மறுபடி போட்டியிடுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஜெயித்துவிடுகிறார்கள். இங்கே அப்படியில்லை; குழாயில் தண்ணீர் வராவிட்டால் கேட்க ஒரு முகம் வேண்டும். பத்து வருஷம் பார்த்த முகம்தான் முன்னால் வரும். அதே 2019-இல் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் ரயில் போனதை நான் மறக்கவில்லை.

பக்கத்து வாணியம்பாடியில் அமைச்சர் நிலோபர் கபிலுக்கு அ.தி.மு.க. சீட்டே தரவில்லை. செந்தில்குமாரை நிறுத்தியது, தொகுதி கைவிட்டுப் போகவில்லை. கோபம் கட்சியைவிட ஆள்மீதுதான் அதிகம் என்றே எனக்குப் படுகிறது.