கண்டெடுத்த பணமும் கைவிட்டுப் போன உறவும்

"பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும்" என்பது நம் பழமொழி. அதைத் திருப்பிப் போட்டால் 'எ சிம்பிள் ப்ளான்' என்ற அமெரிக்கப் படத்தின் கதை கிடைக்கும். பிணத்தின் அருகே பணத்தைக் கண்ட மூவர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த மௌனமே அவர்களைத் தின்றுவிடுகிறது.

1998-ல் வெளிவந்த இப்படத்தை இயக்கியவர், 'ஈவில் டெட்' என்ற பேய்ப்படத்தால் பெயர் பெற்ற சாம் ராய்மி. ஸ்காட் ஸ்மித், தாம் 1993-ல் வெளியிட்ட நாவலுக்குத் தாமே திரைக்கதை எழுதினார். அந்தத் திரைக்கதையும் பில்லி பாப் தார்ன்டனின் நடிப்பும் ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. இதில் பேய் கிடையாது. ஆனால் பேய்ப்படத்தைவிட இது அதிகம் அச்சுறுத்துகிறது என்பேன்.

மின்னசோட்டா மாநிலத்தில் பனி மூடிய ஒரு சிற்றூர். ஹாங்க் தீவன ஆலையில் கணக்கு எழுதுபவர். அவரும், சகோதரன் ஜேக்கப்பும், ஜேக்கப்பின் நண்பன் லூவும் காட்டுக்குள் விழுந்து கிடக்கும் சிறு விமானம் ஒன்றைக் காண்கிறார்கள். உள்ளே விமானியின் சடலமும், ஒரு பை நிறைய 44 லட்சம் டாலரும்!

போலீஸில் ஒப்படைப்போம் என்று முதலில் சொல்பவரே ஹாங்க்தான். மற்ற இருவரும் வற்புறுத்தவே, ஒரு நிபந்தனை போடுகிறார். பனி உருகும்வரை பணம் தம்மிடமே இருக்க வேண்டும். யாரேனும் தேடி வந்தால் எரித்துவிட வேண்டும். வராவிட்டால் மூன்று பங்கு. கேட்பதற்கு எவ்வளவு எளிய திட்டம்!

திட்டத்தில் ஓட்டை எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். பணம் ஒருவர் கையில், ரகசியம் மூவர் கையில். அந்தக் கணம் முதல் நண்பர்கள் ஒருவருக்கொருவர் காவற்காரர்களாகிவிடுகிறார்கள். கடன்பட்ட லூ தன் பங்கை முன்கூட்டியே கேட்கிறான், மறுத்தால் மிரட்டுகிறான். யாரும் வந்து போகவில்லை என்று தோன்றும்படி விமானத்தில் கொஞ்சம் பணத்தைத் திருப்பி வைக்கச் சொல்கிறாள் ஹாங்கின் மனைவி ஸாரா. அதை வைக்கப் போகும்போதுதான் முதல் கொலை நடக்கிறது. கொலை செய்ய யாரும் கிளம்பவில்லை. முதல் பொய்யைக் காப்பாற்றக் கிளம்பினார்கள், அவ்வளவுதான்.

"போதைப்பொருள் விற்ற பணமாயிருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை" என்று அவர்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டதும் பொய்யாகிறது. அது ஒரு பெண்ணைக் கடத்திப் பெற்ற பிணைத்தொகை. கடைசியில் சகோதரனையே சுடும் நிலைக்கு ஹாங்க் வருகிறார். அதன் பிறகுதான், நோட்டுகளில் ஒரு பகுதியின் எண்களை அரசாங்கம் குறித்து வைத்திருப்பது தெரிகிறது. அத்தனையும் அடுப்பில் எரிகிறது.

சரி, இங்கே நம் கையில் அப்படிப் பணம் கிடைத்தால்? நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. சாலையில் கிடக்கும் ஒரு ரூபாயை, யாருடையது என்று தெரியாமல் எடுப்பது குற்றமல்ல என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. ஆனால் உரியவரைத் தெரிந்தும், அல்லது தேட நியாயமான முயற்சி எதுவும் செய்யாமலும், தனதாக்கிக் கொண்டால் குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில் இருக்கிறது. தண்டனை ஆறு மாதத்திற்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. திருட்டுப் பணம் என்று தெரிந்தே வைத்துக்கொண்டால் அது தனிக் குற்றம்.

ரத்தமும் துப்பாக்கியும் உள்ள படமாதலால் சிறு குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு காட்சியை மட்டும் தவற விடாதீர்கள். இப்படிப் பணம் கிடைத்தால் என்ன செய்வாய் என்று ஹாங்க் கேட்கும்போது, எடுக்கமாட்டேன் என்கிறாள் ஸாரா. உடனே அவர் பையைக் கவிழ்த்து மேஜைமேல் நோட்டுக் கட்டுகளைக் கொட்டுகிறார். அப்போது அவள் முகத்தைப் பாருங்கள்.