பராமரிக்கக் கற்பிப்பவரைப் பராமரிப்பது யார்?



நாம் நோயுற்று மருத்துவமனையில் படுத்திருக்கும்போது, மருத்துவரைவிட அதிக நேரம் நம் அருகில் இருப்பவர் செவிலியர். ஊசி போடவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், வலியில் துடிப்பவரிடம் பொறுமையாகப் பேசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒருவர் இருக்கிறார். அவர்தான் செவிலியர் கல்லூரி ஆசிரியர். பெரும்பாலும் அவர் ஒரு பெண். ஒரு வீட்டின் தாய். பணிக்கும் வீட்டுக்கும் நடுவே அவர் படும் பாட்டை இன்று சற்றே சிந்திப்போம்.

மற்ற ஆசிரியர்களுக்குப் பணியிடம் ஒன்று, இவர்களுக்கு இரண்டு. வகுப்பறையில் பாடம் நடத்திவிட்டு, மாணவியரோடு வார்டில் நிற்க வேண்டும். அங்கே ஒரு மாணவி மருந்தின் அளவைத் தவறாக எடுத்தால், பாதிக்கப்படுவது உயிருள்ள ஒரு நோயாளி. ஆகவே, ஒரு நொடியும் கண் அயர முடியாது. மாலையில் வீடு திரும்பினாலும் வேலை கூடவே வருகிறது: திருத்த வேண்டிய பராமரிப்புக் குறிப்பேடுகள், அகமதிப்பீட்டு மதிப்பெண்கள், கல்லூரி ஆய்வுக்கான கோப்புகள், இரவு பத்து மணிக்கும் ஒலிக்கும் வாட்ஸ்அப். இதற்கு நடுவே முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களும் உண்டு.

பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள விகிதம். ஒருவர் விலகி, அந்த இடம் நிரப்பப்படாமல் இருந்தால், அவருடைய மாணவர்கள் மற்றவர்களின் தோளில் ஏறுகிறார்கள்.

இப்படி ஓயாமல் உழைத்தால் என்ன ஆகும்? பணியிட அழுத்தம் நீண்ட காலம் தணிக்கப்படாதபோது உண்டாகும் நிலையை, உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியது. அதை ஒரு நோயாக அல்ல, பணி சார்ந்த நிலையாகவே அது குறிப்பிடுகிறது. அதன் அடையாளங்கள் மூன்று: ஆற்றல் முழுவதும் வற்றிப்போதல், செய்யும் பணிமேல் வெறுப்பும் விலகலும், 'என்னால் எதுவும் ஆகவில்லை' என்ற எண்ணம். முன்பு மூன்று முறை பொறுமையாகச் செய்து காட்டியவர், இப்போது "புத்தகத்தில் பார்த்துக்கொள்" என்று நகர்ந்துவிடுகிறார். அன்பு குறைந்ததால் அல்ல, ஆற்றல் தீர்ந்ததால்.

இதன் விளைவு அவரோடு நிற்பதில்லை. மாணவியர் காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்பதே அதிகம். மதிய உணவைத் தள்ளிப்போடுவதும், காய்ச்சலோடு வேலைக்கு வருவதும் அர்ப்பணிப்பு என்று ஆசிரியரைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். நாளை அதே களைப்போடு நம் கட்டில் அருகில் நிற்கப்போவது அவர்கள்தான்.

நம் மண்ணில் செவிலியர் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. அன்று முதல் இப்பணியைச் 'சேவை' என்றே அழைத்து வருகிறோம். நல்ல சொல்தான். ஆனால், 'சேவை செய்பவர் ஓய்வு கேட்கலாமா?' என்று யாராவது கேட்கும்போது, அதே சொல் சுமையாகிவிடுகிறது.

மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பணி முடித்துத் திரும்பிய திருத்தூதர்களுக்கு, மக்கள் கூட்டத்தால் உண்பதற்குக்கூட நேரமில்லை. 'இன்னும் உழையுங்கள்' என்று இயேசு சொல்லவில்லை. தனிமையான இடத்துக்குப் போய் ஓய்வெடுக்கும்படி அழைத்தார். கூட்டம் பின்தொடர்ந்தபோது அவர்கள்மேல் பரிவும் கொண்டார். ஓய்வும் பரிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது இதில் தெளிவாகிறது.

நாம் என்ன செய்யலாம்? கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள் காலியிடங்களைத் தாமதமின்றி நிரப்பலாம். பகலில் வார்டில் நின்றவருக்கு அன்றிரவே விடுதிப் பொறுப்பைத் தராதிருக்கலாம். இரவில் செய்தி அனுப்புவதை நிறுத்தலாம். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகத்தையும் வகுத்தது. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். வீட்டில் கணவரும் பிள்ளைகளும் அடுப்படி வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

பங்கு மக்களாகிய நமக்கும் பொறுப்பு உண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்ததும், "டீச்சர், கொஞ்சம் பி.பி. பார்த்துச் சொல்லுங்க" என்று நிறுத்துகிறோம். மறைக்கல்வி வகுப்பும், அன்பியக் கூட்டமும், மருத்துவ முகாமும் அவர் பெயரிலேயே வந்து விழுகின்றன. அவற்றை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வோம். அவர் "இன்று முடியாது" என்றால் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்வோம்.

வரும் ஞாயிறு அவரைச் சந்திக்கும்போது எதையும் கேட்கும் முன், "சாப்பிட்டீங்களா? நல்லாத் தூங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.