பில்லில் மென்பொருளின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்

தூத்துக்குடி வட்டாரத்தில் போட்டோ ஸ்டுடியோ, ஃப்ளெக்ஸ் கடை, டிடிபி சென்டர் வைத்திருப்பவர்களுக்கு ஜூலை கடைசியில் பிடிக்கும் ஓட்டம் தசரா வரை நிற்காது. பனிமய மாதா கோயில் கொடியேற்றம் ஜூலை 26, திருவிழா ஆகஸ்ட் 5. அது முடிந்த கையோடு ஆவணி முகூர்த்தங்கள், பிறகு குலசேகரன்பட்டினம் தசரா. வரவேற்பு பேனர், கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் என்று வேலை குவியும். இந்தச் சீசனை நம்பித் தவணையில் புது லேப்டாப் எடுப்பவர்கள் உண்டு. கடையில் காட்டியபோது மெலிசாக, எடை குறைவாக, நாள் முழுக்கச் சார்ஜ் நிற்பதாக இருந்த அந்த மெஷினில் பழகிய மென்பொருளை ஏற்றி ஐகானைத் தட்டினால், சின்ன வட்டம் ஒரு கணம் சுழன்று மறைந்துவிடுகிறது. பல நேரம் பிழைச் செய்திகூட வருவதில்லை.

‘லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை’ என்பார் கடைக்காரர். ‘எங்கள் மென்பொருள் மற்ற மெஷின்களில் ஓடுகிறதே’ என்பார் அதை விற்றவர். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். பணம் கொடுத்தவர் மட்டும் தவணை கட்டிக்கொண்டிருப்பார்.

கோளாறு பெரும்பாலும் சிப்பின் குடும்பத்தில் இருக்கிறது. 1978-இல் இன்டெல் 8086 என்ற சிப்பில் தொடங்கிய குடும்பம்தான் நம் ஊர்க் கம்ப்யூட்டர்களில் இத்தனை காலம் இருந்தது. ஏஎம்டி சிப்புகளும் அதே கட்டளைகளைப் புரிந்துகொள்பவை. ஆர்ம் என்பது வேறு குடும்பம். 1985-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் நிறுவனம் உருவாக்கியது. குறைந்த மின்சாரத்தில் வேலை செய்வதால் கைபேசிகள் அதை வரித்துக்கொண்டன. ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 சிப்புடன் மேக்புக்கை ஆர்முக்கு மாற்றியது. விண்டோஸ் பக்கத்தில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசை லேப்டாப்கள் 2024 ஜூனில் சந்தைக்கு வந்தன.

ஒரு குடும்பத்துக்கென்று எழுதிய மென்பொருளின் கட்டளைகள் மற்றக் குடும்பத்துக்குப் புரியாது. அதனால் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருக்கிறார்கள்: மேக்கில் ரோசெட்டா 2, விண்டோஸில் பிரிசம். கணக்கு எழுதுவது, கடிதம் அடிப்பது போன்ற சாதாரண வேலைகளுக்கு இந்த மொழிபெயர்ப்பு தாராளமாகப் போதும். படம், வீடியோ, வடிவமைப்பு மென்பொருள்கள் சிப்பின் ஆழம் வரை போய் வேலை வாங்குபவை. அங்கேதான் இடறுகிறது.

இடறும் இடங்களில் நம்மவர்களை அதிகம் பாதிப்பது டாங்கிள். ஆல்பம் வடிவமைப்பு, எம்பிராய்டரி, ஃப்ளெக்ஸ் மெஷினுக்குப் படத்தை அனுப்புவது போன்ற வேலைகளுக்கான பல மென்பொருள்கள், யுஎஸ்பியில் பூட்டுச்சாவி போல ஒன்றைச் செருகினால்தான் திறக்கும். அந்தச் சாவியைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டும் டிரைவர் இயங்குதளத்தின் அடித்தளத்தில் உட்கார வேண்டியது. அதை எந்த மொழிபெயர்ப்பாளராலும் மொழிபெயர்க்க முடியாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய அசல் மென்பொருளும் திறக்காது. பழைய ஸ்கேனர், பிரிண்டர், வரைபலகைக்கும் இதே கதி நேரலாம்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பழைய சிப்புக்கு எழுதிய தட்டச்சுச் செயலிகள், ஆர்முக்கென்றே எழுதிய மென்பொருளுக்குள் நுழைய முடியாமல் போகலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் திரையில் தெரியும். அவற்றை அடிக்க உதவிய செயலி மட்டும் ஒத்துழைக்காது. விண்டோஸிலேயே இருக்கும் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. யூனிகோடுக்கு மாற இது நல்ல சந்தர்ப்பம் என்பது என் கருத்து. ஆனால் அழைப்பிதழ் நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டும் என்று நிற்பவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

முதலில் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை சில. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் போய்ப் பாருங்கள். ‘ஆர்ம் பேஸ்டு பிராசஸர்’ என்று இருந்தால் சிக்கல் எங்கிருக்கலாம் என்பது தெரிந்துவிடும். அடுத்து விண்டோஸை முழுமையாகப் புதுப்பியுங்கள். இது சடங்குக்குச் சொல்வது அன்று. வீடியோ மென்பொருள்கள் பல, சிப்பில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே சோதித்து, இல்லையென்றால் சத்தமின்றி மூடிக்கொள்ளும். பிரிசம் வந்த புதிதில் பெரும்பாலான மென்பொருள்களுக்கு அந்தத் தொகுதியைக் காட்டவில்லை. பின்னால் வந்த புதுப்பிப்புகளில்தான் அது சேர்ந்தது.

பிறகு மென்பொருளை நீக்கிவிட்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே ஆர்ம் பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள். போட்டோஷாப், லைட்ரூம், டாவின்ச்சி ரிசால்வ், அஃபினிட்டி ஆகியவற்றுக்கு விண்டோஸ் ஆர்ம் பதிப்பு உண்டு. பென் டிரைவில் வைத்திருக்கும் பழைய இன்ஸ்டாலரைப் போட்டால் பழைய சிப்புக்கான பதிப்புதான் ஏறும். திரையில் படம் வரையும் நேரத்தில் மூடிக்கொண்டால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஜிஎல் இணக்கத் தொகுப்பை ஏற்றிப் பாருங்கள். மென்பொருளின் ஐகானை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பகுதிக்குப் போனால் ஆர்ம் எமுலேஷன் அமைப்புகள் இருக்கும். அதில் கடுமையான அமைப்பைத் தேர்ந்தால் வேகம் குறையும், ஆனால் சில மென்பொருள்கள் திறந்துகொள்ளும். மேக்கில் போட்டோஷாப் திறந்து பழைய ஃபில்டர்கள் மட்டும் காணாமல் போனால், அதை ரோசெட்டா வழியாகத் திறக்கும்படி கெட் இன்ஃபோவில் குறியிட்டால் அவை திரும்பி வரலாம்.

‘மேக்கில் பேரலல்ஸ் போட்டு விண்டோஸ் ஏற்றிக்கொள்ளலாம், எல்லாம் ஓடும்’ என்று யாராவது சொன்னால் நின்று யோசியுங்கள். எம் வரிசை மேக்கில் அப்படி ஓடுவதும் ஆர்ம் விண்டோஸ்தான். டாங்கிள் சிக்கல் அங்கேயும் வரும். ரோசெட்டாவும் என்றென்றும் இருக்கப்போவதில்லை. பொதுப் பயன்பாட்டுக்கு அது மேக் ஓஎஸ் 27 வரைதான் என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. இன்று அதன் தயவில் ஓடும் மென்பொருளை வைத்திருப்பவர்கள், அதற்கடுத்த பதிப்புக்கு அவசரப்பட்டு மாறக்கூடாது.

இத்தனையும் செய்து திறக்கவில்லையென்றால் உரிமையைப் பற்றிப் பேசியாக வேண்டும். இதில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தயாரிப்பாளர் சொன்னபடி லேப்டாப் வேலை செய்தால், உங்கள் மென்பொருள் அதில் ஓடவில்லை என்பதற்காக மட்டும் அது ‘குறையுள்ள பொருள்’ ஆகிவிடாது. வாங்கும்போது உங்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. எந்த வேலைக்காக வாங்குகிறேன் என்று வாடிக்கையாளர் தெரிவித்து, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்த வேலைக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும் என்பது விற்பனையின் நிபந்தனையாகவே ஆகிவிடும். அதே பிரிவில் விதிவிலக்கும் உண்டு. வணிகப் பெயரைச் சொல்லி, குறிப்பிட்ட ஒரு பொருளைக் கேட்டு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆகவே விளம்பரத்தில் பார்த்த மாடலின் பெயரைச் சொல்லிக் கேட்பவர் தன் கையிலிருந்த ஆயுதத்தைக் கீழே வைத்துவிடுகிறார். ‘கல்யாண ஆல்பம் செய்கிறேன், இன்ன மென்பொருள், இன்ன டாங்கிள், இதற்கு ஏற்றது கொடுங்கள்’ என்று கேட்பவர் அதைக் கையில் வைத்திருக்கிறார்.

இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே குவியலாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்தவர் பாடு. 1961-க்குப் பிறகு அந்த முத்துக்குளிப்பு நடக்கவில்லை. லேப்டாப்பைச் சிப்பிக் குவியலாக வாங்க வேண்டிய கட்டாயம் இன்றைய சட்டத்தில் யாருக்கும் இல்லை.

வாயால் சொன்னது நிற்காது என்பதால், பணம் கட்டும் முன் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். ‘அண்ணாச்சி, நீங்க காட்டின மாடல்ல என் ஆல்பம் சாஃப்ட்வேரும் டாங்கிளும் ஓடும்னு சொன்னீங்க, அதை நம்பித்தான் வாங்குறேன், சரிதானே?’ என்று, மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் சேர்த்துக் கேட்டால் போதும். ‘சரி’ என்று வரும் பதில் பின்னால் உங்கள் முதல் ஆவணம். முடிந்தால் பில்லிலேயே அதை எழுதச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரருக்கும் இது நல்லது. தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்வார். மென்பொருள் நிறுவனத்தின் தளத்தில் ‘சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்’ என்ற பக்கத்தைத் திறந்து, ஆர்ம் அல்லது ஸ்னாப்டிராகன் என்ற பெயர் இருக்கிறதா என்று அப்போதே இருவரும் சேர்ந்து பார்க்கலாம். இன்டெல், ஏஎம்டி மட்டும் இருந்தால் ஆர்ம் லேப்டாப்பை வாங்காதீர்கள்.

‘தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவரை நுகர்வோராகவே கருதுகிறது. கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் தட்டச்சுப் பொறியையே உதாரணமாகக் காட்டியது. அதை வாங்கியவர் தானே உட்கார்ந்து பிறருக்குத் தட்டச்சு செய்து பிழைத்தால் அவர் நுகர்வோர்தான். ஒருவர் இருவரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் அந்த நிலை மாறாது. அந்த வழக்குப் போட்ட நிறுவனம் தோற்றது, காரணம் அது பெரிய அளவில் தொழில் நடத்தியது. ஸ்டுடியோவில் தானே ஆல்பம் செய்பவரின் லேப்டாப் இந்தக் காலத்துத் தட்டச்சுப் பொறி. பத்து ஆட்களை வைத்து நடத்தும் அச்சகத்துக்கு இந்த வாதம் எளிதாக எடுபடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் கூடுதல் பலம். விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதும் குறையுள்ள பொருளுக்குக் கவசமாகாது. மாத, வருடச் சந்தாவில் மென்பொருள் எடுத்திருந்தால் அதன் ரத்துக் காலக்கெடுவை முதல் நாளே பாருங்கள். ரத்து செய்ய முடியாதபடி வாடிக்கையாளரைச் சிக்கவைப்பதை, 2023 நவம்பரில் வந்த ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு வழிகாட்டுதல்கள் சந்தாப் பொறி என்று பெயரிட்டே தடை செய்திருக்கின்றன.

அவசரத்தில் போய் விழும் இரண்டு பள்ளங்களைப் பற்றிக் கவலையோடு எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, ‘ஆர்முக்கு வேலை செய்யும் கிராக்’ என்று சுற்றும் கோப்புகள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏற்றச் சொல்லும் கோப்பு எதுவாக இருந்தாலும், வாடிக்கையாளர்களின் கல்யாணப் படங்கள் முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல் அதில் இருக்கலாம். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். மற்றது, கூகுளில் தேடிக் கிடைக்கும் போலி ‘கஸ்டமர் கேர்’ எண். திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்வார்கள். பத்து ரூபாய் கட்டணம் கட்டச் சொல்வார்கள். வங்கிக் கணக்கு காலியாகும். உதவி எண்ணை லேப்டாப் பெட்டியிலோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

புகாரை முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம், தமிழிலும் பேசலாம். வழக்கு வருவதற்கு முன்பே பேசி முடிக்க இது பல நேரம் உதவும். அங்கே தீராவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பெங்களூரு விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இந்த உரிமை 2019 சட்டத்தில் வந்தது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே மனுவைப் பதியலாம். உதவி தேவைப்படும் பெண்கள், பட்டியல் இனத்தவர், வருமானம் குறைந்தவர்கள் 15100 எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.

மனுவோடு பில், வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் திரைப்பதிவு, லேப்டாப்பின் சீரியல் எண், மென்பொருள் திறக்க மறுப்பதைக் காட்டும் கைபேசி வீடியோ ஆகியவற்றை இணையுங்கள். கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: ஒன்று, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முழுப் பணம், அல்லது உங்கள் மென்பொருள் ஓடும் வேறு மெஷின், கூடவே, கைவிட்டுப் போன ஆர்டர்களால் வந்த நட்டம். நட்டத்துக்கு முன்பணம் திருப்பிக் கொடுத்த ரசீது, ஆர்டர் ரத்தான செய்தி என்று ஏதாவது எழுத்துச் சான்று வேண்டும். ஆகவே சிக்கல் தொடங்கிய நாளிலிருந்தே, கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல், எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். அதன் நகல் ஒன்று அந்த லேப்டாப்புக்கு வெளியேயும் இருக்கட்டும்.