கொம்தாரும் அதன் கடைகளும்



ஜெலுத்தோங் என்றால் பினாங்கில் ஓர் ஊர். தோட்டத்து மக்களுக்கு அந்தப் பெயரின் பொருள் எளிதில் புரியும். அதுவும் ஒரு பால் மரம். அதன் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்வதற்காகக் கப்பலேறியது. அந்த ஊரிலிருந்து ஜார்ஜ்டவுன் பட்டணத்துக்குப் பேருந்து ஏறினால், பலர் இறங்கும் இடம் கொம்தார். அந்த உயர்ந்த கட்டடத்தைப் பற்றியும், அதற்குள் கடைகள் வந்து போன கதையைப் பற்றியும் இன்று பார்ப்போம்.

கொம்தார் எழுந்த இடத்தையொட்டி முன்பு பிராங்கின் கால்வாய் ஓடியது. அந்தப் பக்கத்தைச் சீனர்கள் 'சியா போய்' என்றார்கள். ஊரின் கோடி என்பது அதன் பொருள். ஊர்க்கோடி எப்படி நகரின் நடுவாயிற்று?

பினாங்கு நெடுங்காலம் தீர்வையில்லாத் துறைமுகமாக இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாகக் கிடைத்ததால் வியாபாரம் செழித்தது. 1969-இல் அந்தச் சலுகை போயிற்று. வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கிய காலம் அது. அவ்வாண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சொங் யூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். 1972-இல் பாயான் லெப்பாசில் தொழிற்சாலைகளுக்கான தீர்வையில்லா வட்டாரம் தொடங்கியது. நகரின் நடுவே ஒரு புதிய வாணிப மையம் வேண்டுமென்று திட்டமிட்டதன் விளைவுதான் கொம்தார். பிரதமர் துன் அப்துல் ரசாக் 1974-ஆம் ஆண்டின் முதல் நாளில் பணியைத் தொடக்கி வைத்தார்; கட்டடத்துக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது. வரைபடம் போட்டவர் முதலமைச்சரின் தம்பி, கட்டடக் கலைஞர் லிம் சொங் கியாட். 65 மாடிக் கோபுரம் 1980-களின் நடுவில் முடிந்தபோது மலேசியாவிலேயே அதுதான் உயரம். சில ஆண்டுகளில் கோலாலம்பூரின் மேபேங்க் கோபுரம் அதை முந்தியது.

உயரம் ஒரு பெருமை, அவ்வளவுதான். பிழைப்பு நடந்தது கீழ் மாடிகளில். அங்கே சூப்பர் கொம்தார் இருந்தது. ஜப்பானியரின் யாவோஹான் பேரங்காடியும் வந்தது. தோட்டத்துக் கடையில் பற்று எழுதிச் சாமான் வாங்கிப் பழகியவர்களுக்கு அது வேறோர் உலகம். விலை சீட்டில் எழுதியிருக்கும், பேரமில்லை, கடனுமில்லை. நகரும் படிக்கட்டில் ஏறிப் பார்ப்பதற்கென்றே வந்தவர்களும் உண்டு. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்தது. அதுவரை பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறியே தீவுக்கு வந்த பெருநிலத்து மக்களுக்கு வழி இன்னும் எளிதாயிற்று.

ஆனால், கடை கட்டடத்தை நம்பிப் பிழைப்பதில்லை. அதன் வாசலைக் கடக்கும் கால்களை நம்பிப் பிழைக்கிறது. அந்தக் கால்கள் ஏன் குறைந்தன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் 1997. ஆசியாவின் பண நெருக்கடி ஆண்டு. அவ்வாண்டிலேயே யாவோஹான் நிறுவனம் ஜப்பானில் திவாலானது. பெரிய கடை ஒன்று தள்ளாடினால், அதற்கு வரும் கூட்டத்தை நம்பியிருக்கும் சிறு கடைகளும் சேர்ந்து வாடும். இரண்டாவது காரணம் கட்டடத்துக்கு வெளியே இருந்தது. என் கணக்கில் அதுவே பெரியது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கும் கடைவீடுகளுக்கும் வாடகையை உயர்த்தவிடாமல் வைத்திருந்தது. கீழே கடை, மேலே குடும்பம் என்று ஏழை எளியவர் நகருக்குள்ளேயே வாழ முடிந்தது. அந்தச் சட்டத்தை நீக்க 1997-இல் முடிவாகி, 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது பாதுகாப்பு முற்றாக நின்றது. வாடகை ஏறியது, ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினார்கள். வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. பழைய வாடகையில் கூரை ஓடு மாற்றவும் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். ஆனால் அன்றாடம் அரிசியும் சட்டையும் வாங்கக் கொம்தாருக்கு நடந்து வந்தவர்கள் அந்தக் குடியிருப்பாளர்கள்தாம்.

பிறகு புதிய அங்காடிகள் வந்தன. 2001-இல் பக்கத்திலேயே பிராங்கின் மால், கடலோரத்தில் கர்னி பிளாசா. 2006-இல் தெற்கே குவீன்ஸ்பே. கார் நிறுத்த இடமுள்ள திசைக்கே கூட்டம் போனது. கொம்தாரில் கடைக்கூறுகள் பல தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டிருந்ததால், ஒரே கையாக மாற்றியமைக்கவும் வழியில்லை. சேமநிதிப் பணத்தைப் போட்டுக் கடைக்கூறு வாங்க எண்ணும் குடும்பங்கள் விலையை மட்டும் விசாரிக்கிறார்கள். பக்கத்துக் கூறு யாருடையது, ஞாயிறன்றும் செவ்வாயன்றும் எத்தனை பேர் கடந்து போகிறார்கள் என்று இரண்டு நாள் நின்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

காலியான கூறுகள் காலியாகவே கிடந்துவிடவில்லை. கைத்தொலைபேசிக் கடைகளும் கணினிக் கடைகளும் வந்தன. விடுமுறை நாள்களில் நேபாளம், மியன்மார், வங்காளதேசத் தொழிலாளர்கள் ஊருக்குப் பணம் அனுப்பவும், தம் நாட்டுச் சாப்பாடு தேடவும் அந்தப் பக்கம் கூடினார்கள். அதைக் குறையாகப் பேசுகிறவர்கள் உண்டு. நம் பாட்டன்மார் சம்பள நாளில் மார்க்கெட் வீதிக்கு, நாம் கடைத்தெரு என்கிற அந்த இடத்துக்கு, எதற்காகப் போனார்களோ அதற்காகத்தான் இவர்களும் வந்தார்கள்.

2016-இல் கோபுரத்தின் மேல் மூன்று மாடிகள் ஏற்றி 68 ஆக்கினார்கள். உச்சியில் கண்ணாடித் தரையில் நடக்கச் சுற்றுப்பயணிகள் கட்டணம் கட்டுகிறார்கள். 2004-இல் மூடப்பட்ட பக்கத்துப் பிராங்கின் சந்தையின் இடம் 2019-இல் பூங்காவாகி, மூடிக் கிடந்த பழைய கால்வாயின் ஒரு பகுதி மீண்டும் வெளியே தெரிகிறது. ஜெலுத்தோங் காலைச் சந்தையிலோ மீனுக்கும் கீரைக்கும் இன்னும் பேரம் நடக்கிறது.