துறைமுகத்தைப் பிடித்தவனுக்கே துணைப்படை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொம்மசந்திராவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பேரன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இரண்டாம் உலகப் போரை நடத்திக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவன். பர்மாவில் ஆங்கிலேயர் பக்கம் அவனுடையது. திடீரென்று என்னைக் கூப்பிட்டான்.

"தாத்தா, இந்த கேம்ல ஏதோ தப்பு. என்கிட்ட காசு இருக்கு, ஆனா புதுப் படையே வர மாட்டேங்குது!"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தேன். வடக்கே மலைப்பகுதியில் படைகளைக் குவித்து வைத்திருந்தான். ரங்கூனில் காவலுக்கு ஒரே ஒரு பிரிவு. அதை ஜப்பான் முறியடித்து ஊரைப் பிடித்துவிட்டது.

"தப்பு கேமில் இல்லையடா. துறைமுகத்தை விட்டுவிட்டாயே" என்றேன்.

"ஒரு ஊர்தானே தாத்தா போச்சு?" என்றான்.

முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் இருந்தவன் நான். படித்தது டிப்ளமோ, போர்க்கலை அல்ல. ஆனால் சரக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது தெரியும். அவனுக்கு அன்று சொன்னதையே நம் சங்க வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கப்பலுக்கு ஈடு எது?

போர்க்காலத்து லிபர்டி சரக்குக் கப்பல் ஒன்று சுமார் 10,000 டன் ஏற்றும். மீட்டர் கேஜ் கூட்ஸ் வண்டி ஒன்று 500 டன் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கப்பல் சரக்குக்கு 20 வண்டிகள் வேண்டும். டகோட்டா விமானம் தூக்குவதோ மூன்று டன் அளவுதான். மூவாயிரம் தடவைக்கு மேல் பறக்க வேண்டும். ஒரு டிவிஷன் படை என்றால் பதினைந்தாயிரம் பேருக்குக் குறையாது. அவர்களோடு பீரங்கி, லாரி, குண்டு, அரிசி, மருந்து எல்லாம் வர வேண்டும். இத்தனையும் கப்பலில்தான் வர முடியும். கப்பல் வந்தால் மட்டும் போதாது. ஆழமான நீர், கிரேன், சரக்கு இறக்கும் ஆட்கள், பின்னால் ரயில் யார்டு ஆகியவையும் தயாராக இருக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் துறைமுகம்.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. பொம்மசந்திரா வரும் மெட்ரோ மஞ்சள் தடத்தில் தண்டவாளம் போட்ட பிறகும் ரயில் வராமல் காத்திருந்தோம். சீனாவில் செய்த முதல் ரயில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, டிரெய்லர் லாரிகளில் 2024 பிப்ரவரியில்தான் ஹெப்பகோடி பணிமனைக்கு வந்தது. தடம் திறந்தது 2025 ஆகஸ்டில். கடலே இல்லாத நமக்கும் வாசல் சென்னைத் துறைமுகம்தான்.

சிங்கப்பூர்: காலம் தாழ்ந்த துணை

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் மலாயாவின் கோத்தபாருவில் இறங்கினர். அந்த மாதமே பினாங்கை ஆங்கிலேயர் அவசரமாகக் கைவிட்டார்கள். அங்கிருந்த சிறு கப்பல்களையும் படகுகளையும் அழிக்காமல் போய்விட்டார்கள். அவற்றிலேயே ஜப்பானியர் மேற்குக் கரையோரமாகத் தெற்கே வந்து, ஆங்கிலேயப் படைக்குப் பின்புறம் இறங்கினர். நாம் இழக்கும் துறைமுகம் நமக்கு நஷ்டம் என்பதோடு நிற்பதில்லை; எதிரிக்கு வரவும் ஆகிறது.

சிங்கப்பூருக்கு உதவியாக பிரிட்டிஷ் 18-வது டிவிஷனின் பெரும்பகுதி 1942 ஜனவரி 29 அன்று வந்து இறங்கியது. இரண்டே நாளில், 31-ம் தேதி, ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் தரைப்பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 5 அன்று எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா என்ற துருப்புக் கப்பல் குண்டுவீச்சில் எரிந்தது. வீரர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஆயுதங்கள் கப்பலோடு போயின. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. உதவிக்கு வந்த டிவிஷன் அப்படியே கைதாயிற்று. விழப்போகும் துறைமுகத்தில் படையை இறக்குவது எதிரிக்குக் கைதிகளை அனுப்புவதற்குச் சமம்.

ரங்கூன்: சாவி கை மாறியது

ரங்கூன் மீது 1941 டிசம்பர் 23, 25 தேதிகளில் குண்டு விழுந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் பெரும்பாலும் நம் நாட்டுத் தொழிலாளர்கள், முக்கியமாகத் தெலுங்கு பேசுபவர்கள். உயிருக்கு அஞ்சி அவர்களில் ஏராளமானோர் ஊரை விட்டு வெளியேறினர். கிரேன் இருந்தது, கப்பல் இருந்தது, இறக்க ஆளில்லை.

அப்படியும் பிப்ரவரி 21 அன்று ஆங்கிலேயரின் 7-வது கவசப் படைப்பிரிவு டாங்கிகளோடு ரங்கூனில் இறங்கியது. மார்ச் 8 அன்று ரங்கூன் விழுந்தது. அதன்பின் நடந்ததுதான் என் பேரனுக்குப் புதிராகத் தெரிந்தது. அதே துறைமுகத்தின் வழியே ஜப்பானியர் 56-வது, 18-வது என்று இரண்டு டிவிஷன்களைக் கொண்டுவந்து இறக்கினர். ஆங்கிலேயருக்கோ இந்தியாவிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை கிடையாது. லாரி ஓடும் நல்ல சாலையும் இல்லை. மே மாதத்துக்குள் படை இம்பால் வரை பின்வாங்கியது. ரங்கூன் வழியாகச் சரக்கு பெற்றுவந்த சீனாவுக்கும் பாதை அடைபட்டு, இமயத்தின் மேல் விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. பர்மாவிலிருந்து நம் மக்கள் லட்சக்கணக்கில் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பல ஆயிரம்.

கடல்வழி ஆபத்தானபோது

ரங்கூன் ஜப்பானியர் கையில் இருந்தும், மலாக்கா நீரிணை சுற்றி வரும் கப்பல்களுக்கு நீர்மூழ்கிகளால் ஆபத்து இருந்தது. துறைமுகம் இருந்தும் கடல் கைவசம் இல்லாவிட்டால் என்ன செய்வது? தரைவழியாக ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். அதுதான் சயாம் மரண ரயில். சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள்.

பாதை போட்டவன் என்ற முறையில் அந்த வேகம் எனக்கு வியப்பைத் தரவில்லை, வயிற்றைக் கலக்குகிறது. மழைக்காலத்தில், காலராவுக்கு நடுவில், கையால் மலையை வெட்டிய வேலை அது. போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். சிங்கப்பூரில் பிடிபட்ட அந்த 18-வது டிவிஷன்காரர்களும் அதில் உண்டு. ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில்; இறந்தவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம்.

என் பாட்டியின் அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாத் தோட்டத்துக்குப் போனவர். சிங்கப்பூர் விழுந்ததோடு அவர் கடிதம் நின்றது. போர் முடிந்த பிறகும் வரவில்லை. பாட்டி கடைசி வரை தபால்காரர் மணிச் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவார்.

1945-ல் ஆங்கிலேயப் படை திரும்ப பர்மாவுக்குள் வந்தபோது, மழை பிடிப்பதற்குள் ரங்கூனை அடையத்தான் துடித்தது. மே 2 அன்று கடல்வழியாகவும் படை இறங்கியது. மறுநாள் ரங்கூன் அவர்கள் வசமானது. மூன்றாண்டுப் பாடம் அது.

பேரன் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினான். இந்தத் தடவை ரங்கூனில் மூன்று பிரிவுகளை நிறுத்தினான். நான் குறை சொல்லவில்லை. விளையாட்டின் விதி சரியானதுதான். ஆனால் துறைமுகம் கை மாறும்போது மூட்டை தூக்கியவரும் தோட்டத்தில் பால் வெட்டியவரும் என்ன ஆனார்கள் என்பது அந்தத் திரையில் வராது. அதை வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். நம் சங்கத்தில் பர்மா, மலாயா போய் வந்த குடும்பங்கள் இருக்கும். பழைய கடிதமோ, கேட்ட கதையோ எதுவானாலும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முடிந்தால் நம் மலருக்கும் எழுதி அனுப்புங்கள்.