குரங்கின் சிறுநீரகத்தில் வென்ற மாத்திரை

வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "கொரோனா மறுபடியும் கூடுதுன்னு டிவியில சொல்றாங்க. சீசன் நேரத்துல அருவிய அடைச்சிருவாங்களா? இன்னொண்ணு. எங்க வீட்ல முடக்குவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் போடுறாங்க. 2020-ல அது எந்தக் கடையிலயும் கிடைக்கல. இப்பவே நாலு அட்டை வாங்கி வச்சிரவா? அந்த மாத்திர கொரோனாவுக்குக் கேக்குமா, கேக்காதா?"

முதலில் எண்ணிக்கை. 2025 ஜூன் மாதம் நாடு முழுக்கச் சிகிச்சையில் இருந்தவர்கள் 7,000-ஐத் தாண்டிவிட்டார்கள் என்று செய்தி ஓடியது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் மட்டும், ஒரே நாளில், புதிதாக 36,184 பேர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விடவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். அன்று நம் மாநிலத்தில் தினமும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை நடந்தது. இன்று சளி பிடித்தவர் மூக்கில் யார் குச்சி விடுகிறார்கள்? தேடினால்தான் கேஸ். தேடுவது குறைந்த காலத்தில் கேஸ் எண்ணிக்கை நோயைப் பற்றிச் சொல்வதைவிட நம் தேடும் ஆர்வத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். ஆக்சிஜன் படுக்கைகள் எத்தனை நிரம்பின என்பதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

குற்றால அருவி விஷயம். 2020, 2021 இரண்டு வருஷமும் சாரல் வந்தது, குளிக்க ஆள் இல்லை. ஐந்தருவியில் குரங்குகள் மட்டும் சீசன் கொண்டாடின. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மங்குஸ்தான் விற்கிறவர்கள், பிரானூர் பார்டரின் பரோட்டாக் கடைக்காரர்கள், லாட்ஜில் வாளி தூக்குகிறவர்கள் எல்லாருக்கும் வருஷத்தின் பாதி வருமானம் சீசனின் மூன்று மாதத்தில்தான். காற்று வீசும் திறந்த வெளியில், கொட்டுகிற தண்ணீருக்கு அடியில் நிற்பவருக்குக் கொரோனா தொற்றும் வாய்ப்பு குறைவு. தொற்றுவது, அங்கே வருவதற்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதினான்கு பேர் பாடிக்கொண்டே வரும் வேனில். அன்றிரவு எட்டுப் பேர் படுக்கும் ஒற்றை அறையில். வேனை நிறுத்த வழியில்லாமல் அருவியை அடைத்தார்கள். புளியரை சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்டதும் அதே கதைதான். தடுப்பூசி இல்லாத 2020-இல் அந்த முரட்டு வைத்தியத்துக்கு ஒரு நியாயம் இருந்தது: ஆஸ்பத்திரிகள் தயாராக அவகாசம் வேண்டும். 2021 டிசம்பர் வரை அதை இழுத்ததற்கு என்ன நியாயம் என்பதில் எனக்கு இன்னும் சமாதானமில்லை. இப்போது, பெரும்பாலானோர் உடம்பு இந்த வைரஸை ஒரு முறையாவது பார்த்துவிட்ட பிறகு, அருவியை அடைக்க அறிவியல் காரணம் ஒன்றும் இல்லை. வெள்ளம் வந்தால் அடைக்கட்டும். பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் வந்த திடீர் வெள்ளத்துக்குப் பிறகு அதில் யாரும் வாதாட மாட்டார்கள்.

இனி மாத்திரை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், மற்றதெல்லாம் கடமைக்கு.

2020 பிப்ரவரியில் வூஹான் ஆராய்ச்சியாளர்கள் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் குளோரோகுயினைப் போட்டுப் பார்த்தார்கள். வைரஸ் அடங்கியது. மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து ஒரு குட்டி ஆய்வு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுக்கப்பட்ட 26 பேரில் ஆறு பேர் கணக்கிலிருந்து நழுவினார்கள்: மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், ஒருவர் இறந்துபோனார், ஒருவர் ஆஸ்பத்திரியை விட்டே போய்விட்டார், ஒருவர் குமட்டல் தாங்காமல் நிறுத்திவிட்டார். மிச்சமிருந்த இருபது பேரை வைத்து, மருந்து கேட்கிறது என்று எழுதினார்கள். செத்தவரைக் கழித்துவிட்டால் எந்த மருந்தும் கேட்கும். அந்தக் கட்டுரை 2024 டிசம்பரில்தான் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அமெரிக்க அதிபர் அதைக் கொண்டாடி, ஐசிஎம்ஆர் மார்ச் 22 வாக்கில் மருத்துவப் பணியாளர்களுக்கு முன்தடுப்பாகச் சிபாரிசு செய்து, இந்தியா ஏற்றுமதியைத் தடுத்து, பிறகு திறந்துவிட்டு, நம் வாசகர் வீட்டு முடக்குவாதக்காரருக்கு மாத்திரை இல்லாமல் போயிருந்தது.

வூஹான் சோதனையில் பொய் இல்லை. வைரஸ் உண்மையாகவே அடங்கியது. பிறகு மனிதரில் ஏன் தோற்றது? அவர்கள் பயன்படுத்தியது வீரோ செல். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் எடுத்து வளர்க்கப்பட்ட வம்சம். அதில் வைரஸ்கள் செழிப்பாக வளரும். அதனால்தான் கோவாக்சினுக்கான வைரஸை அதில் வளர்த்தார்கள். ஆனால் அந்தச் செல்லில் ஒரு சாமான் இல்லை.

வைரஸின் முள்புரதம் செல்லின் மேலுள்ள ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிட்ட சமாசாரம். பிடித்தால் மட்டும் போதாது. அந்த முள்ளை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்ட வேண்டும். வெட்டினால்தான் உள்ளே மடங்கியிருக்கும் முனை வெளியே பாய்ந்து செல் சவ்வில் குத்தும். வெட்டும் கத்தரி வைரஸிடம் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது.

நம் ஊர்ப்பக்கத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருப்பக்கம் தலைவாசல், பின்னால் புறவாசல். வைரஸ் என்பது சணல் போட்டு இறுக்கிக் கட்டிய பொட்டலத்தோடு வரும் விருந்தாளி. தலைவாசல் நிலையிலேயே ஆணியில் ஒரு கத்தரி தொங்கினால், திண்ணையிலேயே சணலை வெட்டிப் பொட்டலத்தைப் பிரித்துவிடலாம். டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதிதான் அந்தக் கத்தரி. அது இல்லாத வீட்டில் விருந்தாளியைப் பொட்டலத்தோடு சந்து வழியாகப் புறவாசலுக்குக் கூட்டிப் போகிறார்கள். செல் தன் சவ்வை உள்ளே குழித்து வைரஸை ஒரு குமிழுக்குள் அடைத்துக்கொள்வது இது. புறவாசலில் ஒரு அரிவாள்மனை உண்டு, பெயர் கதெப்சின் எல். களிம்பேறியது, புளி போட்டுத் தேய்த்தால்தான் வெட்டும். குமிழ் உள்ளே போகப் போக அமிலமாகிறது, அந்தப் புளிப்பில்தான் இந்த நொதி வேலை செய்யும்.

இப்போது மாத்திரை வருகிறது. குளோரோகுயின் ஒரு மெலிந்த காரம். மின்னூட்டம் இல்லாத நிலையில் எந்தச் சவ்வையும் சுலபமாகத் தாண்டும் ஒல்லியான ஆள். புறவாசலில் கரைத்து வைத்த புளித்தண்ணீரை எடுத்துக் குடிக்கிறார். அதாவது, அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதும் மின்னூட்டம் ஏறிவிடுகிறது, வந்த வழியே திரும்பச் சவ்வைத் தாண்ட முடியவில்லை. வயிறு ஊதி, நுழைந்த வாசலில் வெளியேற முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த ஒல்லி ஆள் வருகிறார், அவரும் குடித்து ஊதி உட்காருகிறார். இரத்தத்தில் கொஞ்சமாக இருக்கும் மருந்து இந்தக் குமிழ்களில் பல நூறு மடங்கு சேர்ந்துவிடும். புளி தீர்ந்தது, அரிவாள்மனை மழுங்கியது, பொட்டலம் பிரியவில்லை. மலேரியாவிலும் இந்தச் சேமிப்புதான் கைகொடுக்கிறது: ஒட்டுண்ணியின் புளித்த வயிற்றுக்குள் போய்க் குவிந்து, இரும்புக் கழிவை அது படிகமாக்க விடாமல் கெடுக்கிறது. (வாசகர் வீட்டுக்காரர் கவனத்துக்கு: இது உடம்பில் குவிகிற மருந்து, விழித்திரையின் நிறமிப் படலத்திலும் தங்கும். ஐந்து வருஷத்துக்கு மேல் சாப்பிடுபவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அட்டை அட்டையாகச் சேர்த்து வைக்கத் தேவையில்லை.)

ஆக, புறவாசல் வழி மட்டுமே உள்ள வீட்டில் இந்த மாத்திரை கெட்டிக்காரக் காவல். குரங்குச் சிறுநீரகச் செல் அப்படிப்பட்ட வீடு; அங்கே தலைவாசல் கத்தரி கிடையாது. நம் நுரையீரல் செல்லின் தலைவாசலில் கத்தரி தாராளமாகத் தொங்குகிறது. விருந்தாளி திண்ணையிலேயே பொட்டலத்தைப் பிரித்துவிட்டுப் போயாயிற்று. பின்கட்டில் ஒல்லியும் ஊதியுமாக ஒரு கூட்டம் புளித்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மார்கஸ் ஹாஃப்மன், ஸ்டெஃபான் பியோல்மன் குழுவினர் 2020 ஜூலையில் இதைக் காட்டினார்கள். காலு-3 என்ற மனித நுரையீரல் செல்களில் குளோரோகுயின் செல்லுபடியாகவில்லை. அதைவிட அழகான சோதனை, குரங்குச் செல்லுக்குள்ளேயே அந்தக் கத்தரிக்கான மரபணுவைப் புகுத்திப் பார்த்தது. மாத்திரையின் மகிமை அங்கேயும் சரிந்துவிட்டது.

இந்த மாத்திரையின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கோனா மரத்தைத் தென் அமெரிக்காவிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-இல் நீலகிரிக்குக் கொண்டுவந்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள், நடுவட்டத்தில் சீனக் கைதிகளை வைத்து. பட்டையிலிருந்து மலேரியா மருந்தான கொய்னா. பிரிட்டிஷ் காலத்தில் தபால் ஆபீஸில் அதன் பொட்டலம் விற்றது. 1934-இல் பேயர் கம்பெனியின் ஹான்ஸ் ஆன்டர்சாக் குளோரோகுயினைச் செயற்கையாகச் செய்தார். அதன் தம்பி ஹைட்ராக்சிகுளோரோகுயின். போதும்.

கோட்டிங்கன் விளக்கம் வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் 1,561 நோயாளிகளுக்கு மாத்திரை, 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். 28 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 27 சதவீதம், இரண்டாவதில் 25. ஜூன் 5 அன்று கடையைக் கட்டினார்கள். எதிர்க்கட்சியும் யோக்கியமில்லை: இந்த மாத்திரை ஆளைக் கொல்கிறது என்று மே 22 அன்று லான்செட் இதழில் வந்த கட்டுரை, தரவுகளைச் சரிபார்க்க முடியாததால் இரண்டு வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. அதே ரெகவரி ஆய்வுதான் ஜூன் 16 அன்று, எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும் டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று சொன்னது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்றும் சேர்த்தே சொன்னது. இரண்டாவது பாதியை 2021-இல் நம் ஊர்களில் நிறையப் பேர் கேட்கவில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு கொடுத்ததும், கட்டுப்படாத சர்க்கரையும் கருப்புப் பூஞ்சைக்கு வழிவிட்டன.

குணமானவர்களின் பிளாஸ்மாவை ஏற்றும் சிகிச்சைக்கும் இதே கதி. ஐசிஎம்ஆர் 39 ஆஸ்பத்திரிகளில் 464 பேரிடம் சோதித்து, பயனில்லை என்று 2020 அக்டோபரிலேயே வெளியிட்டது. அதே நிறுவனம் தன் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து அதை நீக்கியது 2021 மே மாதம். இடைப்பட்ட ஏழு மாதம் வாட்ஸ்அப்பில் பிளாஸ்மா தேடி அலைந்தார்கள். அந்த மே மாதம் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிருக்கு நின்ற வரிசையையும் மறக்க முடியாது. சாவைத் தடுப்பதில் அதன் பங்கு மிகச் சொற்பம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஏற்கெனவே சொல்லியிருந்தது.

கபசுரக் குடிநீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் தென்காசிப் பக்கம் தலைகாட்ட முடியாது. தெருத்தெருவாகக் கொடுத்தார்கள், குடித்தோம். அதிலுள்ள நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராபோலைடை தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள் சரியான வீட்டிலேயே, காலு-3 நுரையீரல் செல்லில், சோதித்து நல்ல பலன் கண்டார்கள். குரங்குச் செல்லைவிட ஒரு படி மேல். ஆனால் செல்லுக்குக் கிடைத்த அளவு, குடித்த மனிதரின் நுரையீரலுக்குப் போய்ச் சேருமா என்பது அடுத்த படி. அதற்கு ஆயிரக்கணக்கானோரிடம் குலுக்கல் ஆய்வு வேண்டும். அப்படி ஒன்றைப் பெரிய அளவில் நடத்த நம் அரசுகளுக்கு அருமையான வாய்ப்பு இருந்தது. பொட்டலம் விநியோகித்ததோடு திருப்தி அடைந்தார்கள்.

கெட்டிக்கார வாசகர் இந்நேரம் கேட்டிருப்பார்: தலைவாசல் கத்தரியை மடக்கிவிட்டால் என்ன? செய்து பார்த்தார்கள். கமோஸ்டாட் என்ற ஜப்பானிய மருந்து அந்த நொதியை முடக்கும். நுரையீரல் செல்லில் அபாரம். டென்மார்க், சுவீடன் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பலன் இல்லை. 2021 கடைசியில் ஒமிக்ரான் வந்தது. அது தலைவாசலைக் குறைத்துக்கொண்டு புறவாசலை அதிகம் நாடியது. அப்படியானால் பழைய மாத்திரைக்கு மறுவாழ்வா என்று சிலர் துள்ளினார்கள். செல்லில் கேட்கும் அளவை எட்ட எவ்வளவு மாத்திரை போட வேண்டுமோ, அதற்கு முன்பே இதயத் துடிப்பு தாளம் தப்பிவிடும் என்பது அவர்கள் ஞாபகத்தில் இல்லை.

உருப்படியாக நின்றது, எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் உள்ளே போனபின் வைரஸ் தன் சொந்தப் புரதங்களை நறுக்கப் பயன்படுத்தும் நொதியை முடக்குகிற நிர்மட்ரெல்விர். தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மூன்று நாளுக்குள் கொடுத்தபோது ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் சாவும் 89 சதவீதம் குறைந்தன. ஆபத்து குறைந்தவர்களையும் தடுப்பூசி போட்டவர்களையும் வைத்துச் செய்த அடுத்த ஆய்வில், அறிகுறி அடங்கும் நாட்களில் சொல்லும்படி வித்தியாசமில்லை. எழுபது வயது, கூடவே சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என்றிருப்பவர் காய்ச்சல் தொடங்கிய ஐந்து நாளுக்குள் டாக்டரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம். கொழுப்புக்கும் இதயத்துக்கும் போடும் மாத்திரைகளோடு அது மோதும் என்பதால் அந்தச் சீட்டையும் கையில் கொண்டு போக வேண்டும். முப்பது வயதுக்காரருக்குப் பாராசிட்டமாலும் கஞ்சியும் தனி அறையும் போதும்.