உறுமியா, தவிலா, நாதஸ்வரமா?
மேளம் கற்க விழையும் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு

திருவிழாக் காலம் பிறந்துவிட்டால் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் மேளச் சத்தமே முதலில் செவியில் விழும். கொடியேற்றம், பால்குடம், கரகம், தீமிதி என எதுவும் மேளமின்றி நடப்பதில்லை. ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் பக்கத்து மாரியம்மன் ஆலயங்களின் முன், உறுமி அடிப்பவரின் கைகளையே இமை கொட்டாமல் பார்த்து நிற்கும் சிறுவர்களைக் காணலாம். மறுநாள் பார்த்தால் காலியான மைலோ டின் ஒன்று கயிற்றில் தொங்கிக் கொண்டிருக்கும். தோளில் மாட்டிய பிள்ளையின் கையில் வேப்பங்குச்சி!

இந்த ஆசையை எந்தக் கருவியில் கொண்டு சேர்ப்பது என்பதே பெற்றோர் பலரின் கேள்வி. பெரும்பாலோர் முதலில் கருவியை வாங்கிவிட்டுப் பிறகு ஆசானைத் தேடுகின்றனர். வரிசையைத் திருப்பிப் போடுவதே நல்லது. வாரம் இருமுறையாவது சென்று வரக்கூடிய தொலைவில் யார் கற்பிக்கிறார், நாள்தோறும் பயிற்சி செய்ய இடம் எங்கே உள்ளது என்ற இரண்டையும் உறுதி செய்துகொண்ட பின்னரே கருவியைப் பற்றிப் பேச வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் உறுமியை நாடுவதற்குக் காரணமும் இதுவே. இடை ஒடுங்கிய அந்தத் தோற்கருவியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசி, மறு முகத்தை மெல்லிய குச்சியால் தட்டி வாசிப்பர். உரசும்போது எழும் உறுமலே அதன் பெயராயிற்று. உறுமி மேளக் குழுவில் சேர விண்ணப்பமோ கட்டணமோ பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. புதிதாக வருபவன் முதலில் தாளம் பிடிப்பான். பிறகு பம்பைக்கோ தவிலுக்கோ மாறுவான். அண்ணன்மாரின் கையைப் பார்த்தே அடிகளை மனனம் செய்வான். தோல் நனைந்து தொய்ந்துவிடும் நம் மழைக்காலத்திற்கு ஏற்பச் செயற்கைத் தோல் பூட்டிய கருவிகளும் வந்துவிட்டன.

உறுமிக் குழுக்கள் சினிமா மெட்டுகளை வாசித்துச் சாமி ஊர்வலத்தின் அமைதியைக் கெடுப்பதாகப் பெரியவர்கள் குறைப்படுவதுண்டு. குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பழியை இளைஞர்கள் மீது மட்டும் சுமத்துவது சரியன்று. கையெட்டும் தூரத்தில் ஆசான் இருந்த ஒரே கருவியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்; வேறொன்றைக் கற்பிக்க யாரும் முன்வரவில்லை.

ஆலயத்தின் நித்திய பூசைக்கும் சுவாமி புறப்பாட்டுக்கும் உரியவை நாதஸ்வரமும் தவிலும். சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி, விடியலில் பூபாளம், பள்ளியறையில் நீலாம்பரி என வேளைக்கொரு முறை வகுத்து வைத்த மரபு அது. இந்த மரபைக் காக்கவே மலேசிய ஆலயங்கள் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கலைஞர்களைத் தற்காலிக அனுமதியில் வரவழைத்து வந்துள்ளன. பெரிய ஆலயங்களுக்கு அது இயலும். நாற்பது, ஐம்பது குடும்பங்களை நம்பி நிற்கும் தோட்டத்து ஆலயத்திற்கு எப்படி இயலும்? அங்கே மின்சாரத்தில் இயங்கும் மணியும் முரசுமே தீபாராதனைக்கு ஒலிக்கின்றன.

நாதஸ்வரம் பயில எண்ணுவோர் அறிய வேண்டியது, அது பொறுமையைச் சோதிக்கும் கருவி என்பதே. ஆச்சா மரத்தில் கடைந்த குழல் அது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை அதற்குப் பெயர் பெற்ற ஊர். 2022ஆம் ஆண்டில் அவ்வூர் நாதஸ்வரத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குட்டையான திமிரிக்குச் சுருதி அதிகம். நீண்ட பாரியின் கனத்த நாதத்தை உலகறியச் செய்தவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). இன்று கச்சேரிகளில் கேட்பது பெரும்பாலும் பாரியே. குழலில் விரல் வைக்க ஏழு துளைகள். அவற்றைப் பாதி திறப்பதாலும், மூச்சின் அழுத்தத்தாலும், உதட்டின் பிடியாலும் நுண்ணிய சுரங்கள் பிறக்கின்றன. நாணலில் செய்த சீவாளி சரியாக அமையாவிட்டால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய குழலும் பேசாது. ஆதலால் குழலோடு சில சீவாளிகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். முதல் சில மாதங்கள் குழலைத் தொடாமல், மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை வாயால் பாடிப் பழக்கும் ஆசான் வாய்த்தால், பிள்ளை பாக்கியசாலி. தொண்டையில் நிற்காத சுரம் குழலில் நிற்காது.

பெண் பிள்ளைகளுக்கு இது ஆகாது என்பது பழைய பேச்சு. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அந்தப் பேச்சை எப்போதோ பொய்யாக்கிவிட்டார். காலிஷாபி மகபூப் தம் கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு இணைந்து நாதஸ்வரம் வாசிப்பவர்; 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது இருவருக்கும் அறிவிக்கப்பட்டது.

தவிலின் நிலை வேறு. பலா மரத்தில் குடைந்த அதன் வலந்தலையை, துணியும் பசையும் சுற்றி உலர்த்திய கூடுகளை மாட்டிய விரல்களாலும், தொப்பியைக் கழியாலும் வாசிப்பர். தோளில் அந்தப் பாரத்தைச் சுமந்தபடி வீதி வலம் வர உடல் வலு வேண்டும். உறுமிக் குழுவில் பழகிய இளைஞனுக்கு அந்த வலு இருக்கிறது. லயமும் ஓரளவு படிந்திருக்கிறது. அவனுக்குக் குறைவது சொற்கட்டு. கையால் தாளம் போட்டுக்கொண்டே சொற்களை வாயால் சொல்லிப் பழகும் பயிற்சியும், நாதஸ்வரத்தின் போக்கைக் கேட்டு அதற்கு இடம் விட்டு வாசிக்கும் பக்குவமும் வந்துவிட்டால் அவனே ஆலயத் தவில்காரன். புதியவரைத் தேடும் ஆலய நிர்வாகங்கள் இவர்களிடமிருந்து தொடங்கினால் பாதி வழி ஏற்கெனவே கடந்தாயிற்று.

வீணை, வயலின், மிருதங்கம், புல்லாங்குழல் போன்றவற்றை நாடுவோர் தலைநகரையே நோக்க வேண்டியுள்ளது. 1981இல் தோன்றிய, பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் நுண்கலைக் கோயில் பலருக்கும் தெரிந்த இடம். ஆனால் கோல சிலாங்கூரிலிருந்து போகும் வழி மட்டுமே 60 கிலோமீட்டருக்கும் மேல். தோட்டத் தொழிலாளியின் வருமானத்தில் வாரந்தோறும் அந்தப் பயணம் எளிதன்று.

இடப் பிரச்சினையும் பெரிதாகிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, பல குடும்பங்கள் பெஸ்தாரி ஜெயா (2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை), புக்கிட் பெருந்தோங் முதலிய ஊர்களின் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. லயத்து வீட்டு வாசலில் மேளம் கேட்டால் அண்டை வீட்டார் வந்து உட்கார்ந்து ரசிப்பர். அடுக்குமாடியின் நான்காம் மாடியில் தவிலை யார் பொறுப்பார்? நாதஸ்வரத்தைத் தொடங்கிய பிள்ளையின் முதல் பிளிறலை யார்தான் தாங்குவார்?

திருவிழா முடிந்த மறுநாள் முதல் அடுத்த ஆண்டுக் கொடியேற்றம் வரை, எத்தனையோ ஆலய மண்டபங்கள் மாலை வேளைகளில் பூட்டியே கிடக்கின்றன. ஓராண்டு ஊர்வல மேளத்திற்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, தலைநகரிலிருந்து வாரம் ஒருமுறை ஓர் ஆசானை அழைத்து வரப் பக்கத்துப் பக்கத்து ஆலயங்கள் மூன்று நான்கு கூடிப் பங்கிட்டுக் கொள்ளலாம். ஒரு குழல், ஒரு தவில், ஒரு சுருதிப் பெட்டி இருந்தால் வகுப்பைத் தொடங்கிவிடலாம். பிள்ளைகள் சொந்தக் கருவி வாங்குவது இரண்டாம் ஆண்டில் போதும். வித்தியாரம்பத்திற்குரிய விஜயதசமி நாளை மனத்தில் கொண்டு, ஆசான் யார், மண்டபச் சாவி யாரிடம் என்ற இரண்டையும் இந்தத் திருவிழாவின் கணக்கு வழக்குக் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடலாம்.